சூளையில் ஒட்டிய கோப்பை

பீங்கான் கோப்பையைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஒரு வளையம் மட்டும் பளபளப்பில்லாமல் சொரசொரவென்று இருக்கும். அதைச் செய்தவரின் கவனக்குறைவு என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அது கவனத்தின் அடையாளம். கிளேஸ் என்னும் மெருகுக் கரைசலில் முக்கி எடுத்த கோப்பையைச் சூளைக்கு அனுப்பும் முன் ஈரப் பஞ்சால் அடிவிளிம்பை ஒரு சுற்றுத் துடைத்துவிடுவார்கள். துடைக்க மறந்தால், 1,200 டிகிரிக்கு மேல் அந்த மெருகு கண்ணாடியாய் உருகி, ஆறும்போது கோப்பையைச் சூளைத் தட்டோடு ஒட்டிவிடும். அப்புறம் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். கோப்பையும் போச்சு, தட்டும் போச்சு.

விருத்தாசலத்தில் பீங்கான் வேலைக்குப் போகிறவர்களுக்கு இது முதல் வாரத்துப் பாடம். மணிமுத்தாற்றங்கரையில் பழமலைநாதர் கோயிலை வைத்து அறியப்பட்ட பழைய திருமுதுகுன்றத்துக்கு, இருபதாம் நூற்றாண்டு கொடுத்த இன்னொரு முகவரி பீங்கான். பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேல் படிந்துகிடந்த களிமண், சென்னைக்கும் திருச்சிக்கும் சேலத்துக்கும் கடலூருக்கும் பிரியும் ரயில் பாதை, செராமிக் தொழிற்பேட்டை, பீங்கான் தொழில்நுட்பம் சொல்லித்தரும் அரசுப் பாலிடெக்னிக் என்று எல்லாம் கூடி வந்த ஊர். கொலு பொம்மையும் அகல் விளக்கும் டீக்கோப்பையும் ஃபியூஸ் கட்டையும் இங்கிருந்து போகின்றன.

தட்டில் ஒட்டிக்கொண்ட அந்தக் கோப்பையை மனதில் வைத்துக்கொண்டால், அறுபது ஆண்டுகளுக்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்டும் தமிழ்நாட்டு நோயாளிகள் பெரும்பாலோரின் காதில் விழாத ஒரு பரம்பரைக் குறைபாட்டைப் புரிந்துகொள்வது எளிது. ஆல்பா-1 ஆன்டிட்ரிப்சின் குறைபாடு என்பது அதன் பெயர். நுரையீரலையும் கல்லீரலையும் ஒரே மரபணு தாக்கும் விசித்திரம் அது.

கல்லீரல் நாள்தோறும் ஆல்பா-1 ஆன்டிட்ரிப்சின் என்ற புரதத்தைச் செய்து ரத்தத்தில் விடுகிறது. அதற்கு முக்கியமான வேலை நுரையீரலில். கிருமியை அடிக்க வரும் வெள்ளணுக்கள் எலாஸ்டேஸ் என்ற நொதியைக் கக்கும். அந்த நொதிக்கு வேண்டியவர், வேண்டாதவர் பேதம் கிடையாது. கிருமியோடு சேர்த்து, காற்றறைச் சுவர்களில் ரப்பர் போல இழுத்துச் சுருங்கும் இழைகளையும் அரித்துவிடும். ஆல்பா-1 அதை எலிப்பொறி மாதிரிப் பிடிக்கிறது. நொதி வந்து கடிக்கும், பொறி படாரென்று மடங்கும், இரண்டும் சேர்ந்தே அழியும். ஒரு பொறிக்கு ஓர் எலிதான். அதனால் கல்லீரல் ஓயாமல் புதுப் பொறிகளை அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

பொறி வராவிட்டால் காற்றறைகள் கிழிந்து ஒன்றோடொன்று சேர்ந்து தொளதொளத்த பைகளாகிவிடும். உள்ளே போன மூச்சு முழுதாக வெளியே வராது. எம்பைசீமா என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு அறுபதில் வரக்கூடியது, இந்தக் குறைபாடு கடுமையாக உள்ள ஒருவர் புகைத்தால் முப்பதுகளிலும் நாற்பதுகளிலுமே வந்து நிற்கும். புகைக்கு இதில் தனிக் குரூரம் ஒன்று உண்டு: பொறியின் நாக்கு போல இருக்கும் 358ஆவது அமினோ அமிலத்தை அது ஆக்சிஜனேற்றம் செய்து, இருக்கிற கொஞ்சநஞ்சப் பொறியையும் வேலை செய்யாமல் ஆக்கிவிடுகிறது.

இதைக் கண்டுபிடித்த கதை ஒரு காகிதப் பட்டையில் தொடங்குகிறது. ஸ்வீடனின் மால்மோ நகர மருத்துவமனையில் கார்ல்-பெர்டில் லாரெல் ரத்தநீர்ப் பரிசோதனைகளைப் பார்த்துவந்தார். காகிதப் பட்டையில் ரத்தநீரைச் சொட்டி மின்சாரம் பாய்ச்சினால் புரதங்கள் தத்தம் வேகத்துக்கு ஓடிப் பிரியும். சாயம் ஏற்றியதும் கோடு கோடாகத் தெரியும். அப்படிப் பார்த்த சுமார் 1,500 பட்டைகளில் 5 பட்டைகளில் மட்டும், ஆல்பா-1 என்ற கோடு இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. வேறொருவராக இருந்தால் சாயம் சரியாக ஏறவில்லை என்று எறிந்திருப்பார். லாரெலும் இளம் மருத்துவர் ஸ்டென் எரிக்ஸனும் அந்த ஐந்து பேர் யார் என்று தேடிப் போனார்கள். மூன்று பேருக்கு இளம் வயதிலேயே நுரையீரல் கெட்டிருந்தது. 1963இல் அந்தச் சிறிய கட்டுரை வெளிவந்தது. 1969இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஹார்வி ஷார்ப், இதே குறைபாடு உள்ள குழந்தைகளின் கல்லீரல் சுருங்கிப்போவதைக் காட்டினார்.

நுரையீரல் சரி, கல்லீரல் ஏன் கெட வேண்டும்? இதற்கு விடை வர 1992 ஆனது. கேம்பிரிட்ஜில் டேவிட் லோமாஸும் ராபின் கேரெலும் அதைச் சொன்னார்கள். 394 அமினோ அமிலங்கள் கொண்ட இந்தப் புரதத்தில் 342ஆவது இடத்தில் ஓர் எழுத்து மாறினால், பொறியின் நீண்டுநிற்கும் நாக்கு பக்கத்து மூலக்கூறின் மடிப்புக்குள் போய்ச் செருகிக்கொள்கிறது. அது அடுத்ததில், அது அதற்கும் அடுத்ததில். இப்படி மணிமாலையாகக் கோத்துக்கொண்ட புரதம் கல்லீரல் உயிரணுவை விட்டு வெளியே வர முடியாது. துடைக்காத அடியோடு சூளைக்குள் போன கோப்பை இதுதான். சூளைத் தட்டு பாழாகிறது, அது கல்லீரல் சிரோசிஸ். சந்தைக்குக் கோப்பை வருவதில்லை, அது நுரையீரல் நோய். செய்த புரதத்தில் சுமார் 15 சதவீதம்தான் ரத்தத்துக்குத் தப்பி வருகிறது. கல்லீரலில் இருந்து ஊசியால் எடுத்த துணுக்குக்கு உரிய சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், ஒட்டிக்கிடக்கும் புரதம் இளஞ்சிவப்பு உருண்டைகளாக உயிரணுவுக்குள் மின்னும்.

இந்தப் பிழை வடிவத்துக்கு இசட் என்று பெயர். மின்சாரத்தில் ஓடும் வேகத்தை வைத்து எழுத்துகளைக் கொடுத்தார்கள்: நடுத்தர வேகம் எம், அதுதான் சரியான வடிவம், மெதுவாக ஓடினால் எஸ், வேகமாக ஓடினால் எஃப், கடைசியாக ஆடி அசைந்து வருவது இசட். அப்பாவிடம் ஒரு பிரதி, அம்மாவிடம் ஒரு பிரதி வருவதால் எம்-எம், எம்-இசட், இசட்-இசட் என்று சேர்க்கைகள் அமையும். 14ஆவது குரோமோசோமில் உள்ள செர்பினா-1 என்ற மரபணுவில் இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட மாற்றங்கள் இன்று அறியப்பட்டிருக்கின்றன. அவற்றில் பாடப்புத்தகம் பேசுவது பெரும்பாலும் எஸ், இசட் என்ற இரண்டைத்தான். சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

இசட் ஐரோப்பிய வடிவம், அதிலும் வட ஐரோப்பியச் சொத்து. ஸ்வீடனில் 1972 முதல் 1974 வரை பிறந்த 2 லட்சம் குழந்தைகளின் ரத்தத்தைப் பரிசோதித்ததில் 120 பேர் இசட்-இசட். அதாவது சுமார் 1,670 பிறப்புக்கு ஒன்று. அந்தக் குழந்தைகளைத் தாமஸ் ஸ்வேகரும் அவருக்குப் பின் வந்தவர்களும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள்; நோயைப் பற்றி உலகம் அறிந்ததில் பெரும்பகுதி அவர்கள் தந்த அறிவு. இந்தியாவில் இசட் மிக அபூர்வம். 'ஆகவே நம் நாட்டில் இந்த நோயே இல்லை' என்று வகுப்பறையில் ஒரு வரியில் முடித்துவிடும் வழக்கம் இதனால் வந்தது. இதைவிட வழுக்கலான முடிவு வேறில்லை. விருத்தாசலத்துச் சூளையில் கோப்பை பாழாக ஒரே ஒரு வழிதான் இருக்கிறதா என்ன?

ஜப்பானைப் பார்க்கலாம். அங்கேயும் இசட் கிடையாது என்றே சொல்லலாம். ஆனால் நோய் இருக்கிறது. 53ஆவது இடத்தில் செரினுக்குப் பதில் ஃபினைல்அலனின் வந்து உட்காரும் சியியாமா என்ற வடிவம் அங்கே முதன்மைக் காரணம். அதற்கு அடுத்த வீடு, 52ஆவது இடம். அங்கே ஓர் ஃபினைல்அலனின் அடியோடு விடுபட்டால் எம்-மால்டன். இத்தாலியின் சார்டினியா தீவிலும் துனீசியாவிலும் இசட்டை விட இதற்கே செல்வாக்கு. இரண்டுமே இசட் போலக் கல்லீரலில் ஒட்டிக்கொள்பவை. எம்-மால்டனை ஆய்வகத்தில் மின்சாரத்தில் ஓட்டினால் ஏறக்குறைய எம் ஓடுகிற இடத்திலேயே ஓடும். பெயரின் முதல் எழுத்தே அதுதான். அவசரமாகப் பார்க்கிற கண் 'சரியான வடிவம்' என்று எழுதிவிடும்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, நல் என்று பெயர். ஒன்றுமில்லை என்று பொருள். மரபணுவில் நடுவிலேயே 'நிறுத்து' என்று எழுதியிருப்பதால் புரதமே உருவாகாது. அச்சில் களிமண்ணே ஊற்றவில்லை. இவர்களில் பெரும்பாலோருக்குச் சூளை சுத்தமாக இருக்கும், அதாவது கல்லீரலில் குறை இராது. சந்தை மட்டும் காலி. நுரையீரல் நோயிலேயே மிகக் கடுமையானது இவர்களுக்குத்தான். இந்த விதிக்கும் விலக்கு உண்டு: ஹாங்காங் என்று ஊர்ப்பெயர் சூட்டிய நல் வடிவத்தில் அரைகுறையாக வெட்டுப்பட்ட புரதம் உருவாகி உள்ளேயே தங்கிவிடுகிறது.

எஃப் வேறு மாதிரி ஏமாற்றும். கோப்பைகள் எண்ணிக்கையில் சரியாக வந்து சேரும், அடியில் ஓட்டை. ரத்தத்தில் அளவு பார்த்தால் எல்லாம் சரி என்று வரும், எலாஸ்டேஸைப் பிடிக்கும் திறன் மட்டும் குறைந்திருக்கும். இந்த வரிசையில் சேராத அபூர்வம் பிட்ஸ்பர்க் வடிவம். பொறியின் அதே 358ஆவது இடம் மாறியதால், எலாஸ்டேஸைப் பிடிக்க வேண்டிய புரதம் ரத்தத்தை உறையவைக்கும் த்ராம்பினைப் பிடிக்கத் தொடங்கியது. அதைச் சுமந்த சிறுவன் ரத்தப்போக்கில் இறந்தான். ஓர் எழுத்து மாறினால் நுரையீரல் நோய் மரபணு ரத்தப்போக்கு மரபணு ஆகிவிடும் என்று 1983இல் இதை விளக்கியபோது உயிர்வேதியியல் உலகமே வியந்தது.

மால்டன், பெல்லிங்ஹாம், ஹாங்காங், கிரானைட் ஃபால்ஸ், புரோசிடா. இந்த வடிவங்களின் பெயர்ப் பட்டியலைப் பார்த்தால் பூகோளப் புத்தகம் போல இருக்கிறது. முதலில் கண்டறியப்பட்டவரின் ஊர்ப்பெயரை வைப்பது மரபு. இந்த வரைபடம் நோய் எங்கே இருக்கிறது என்று காட்டுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அது காட்டுவது, எந்த ஊரில் தேடினார்கள் என்பதைத்தான்.

இந்தியாவில் தேடாமல் இருப்பதற்கு மரபியல் ரீதியாக எந்த நியாயமும் இல்லை. ஹைதராபாத்தின் குமாரசாமி தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் 2009இலும் 2017இலும் வெளியிட்ட ஆய்வுகள், தெற்காசியச் சமூகங்கள் பலவும் நூற்றாண்டுகளாகத் தங்களுக்குள்ளேயே மணம் செய்து, சில முன்னோர்களின் அபூர்வ மரபணு மாற்றங்களைப் பெருக்கிவைத்திருப்பதைக் காட்டின. மயக்க மருத்துவர்கள் அறிந்த உதாரணம் ஒன்று வைசியர் சமூகத்தில் உண்டு: அறுவைச் சிகிச்சையில் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் சக்சினில்கோலின், மற்றவர்களுக்குச் சில நிமிடத்தில் தெளியும், அந்தச் சமூகத்தில் சிலருக்கு மணிக்கணக்கில் தெளியாது. அந்த மருந்தைச் சிதைக்கும் நொதியில் உள்ள பிழை உலகில் பிற இடங்களில் அபூர்வம், அங்கே சகஜம்.

சொந்தத்தில் மணமுடிப்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் உறவுக்குள் நடப்பவை என்று ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஒரு பிழை வடிவம் ஆயிரம் பிரதிகளுக்கு ஒன்று என்ற அளவில் அபூர்வமாக இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். அந்நியத்தில் மணந்தால், இரண்டு பிரதியும் பிழையாகப் பிறக்கும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று. அத்தை மகள், மாமன் மகன் மணந்தால் அது ஏறத்தாழ 16,000த்தில் ஒன்று. தாய்மாமனுக்கே கொடுத்தால் 8,000த்தில் ஒன்று. அபூர்வமான வடிவமாக இருக்க இருக்க, உறவுமணத்தால் வரும் இந்தப் பாய்ச்சல் பெரிதாகும். ஐரோப்பாவின் பொதுவான இசட் இல்லாத ஒரு நாட்டில், அபூர்வ வடிவங்கள் இரட்டிப்பாகிக் குடும்பத்துக்குக் குடும்பம் தனித்தனியாக நிற்கும். ஒரே பரிசோதனைக் கிட்டை வாங்கிவைத்து அத்தனையையும் பிடித்துவிட முடியாது.

இனி ஒரு சாதாரண மருத்துவமனை அறை. நாற்பது வயதுத் தொழிலாளி, மாடியேறினால் மூச்சிரைக்கிறது. மருத்துவர் என்ன நினைப்பார்? முதலில் காசநோய். அடுத்து பீடி. பெண்ணாக இருந்தால் விறகடுப்பு. பீங்கான் ஊராக இருந்தால் தூசி. இவை ஒவ்வொன்றும் நியாயமான சந்தேகம்தான். 2016இல் இந்தியாவில் 5 கோடியே 50 லட்சம் பேருக்கு சி.ஓ.பி.டி. எனும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் இருந்ததாக மதிப்பிடப்பட்டது, அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் காரணம் புகையும் தூசியும் காற்று மாசும்தான், மரபணு அன்று. ஆனால் காரணங்கள் இவ்வளவு கைவசம் இருக்கும் ஊரில், இன்னொரு காரணத்தைத் தேட யாருக்கும் தோன்றாது. நன்றாக வெளிச்சம் போட்ட மேடையில் பின்வரிசை ஆள் தெரியாததைப் போல.

எக்ஸ்ரே ஒரு துப்புக் கொடுக்கும். காசநோயும், சிலிக்காத் தூசியால் வரும் சிலிக்கோசிஸும் நுரையீரலின் மேல்பகுதியை விரும்புபவை. புகைப்பவரின் எம்பைசீமாவும் மேலேதான் தொடங்கும். ஆல்பா-1 குறைபாடு, பாடப்புத்தக வடிவில், அடிப்பகுதியைத் தின்னும். எல்லோரிடமும் இப்படி இருக்காது என்றாலும், அடிநுரையீரல் கறுத்து வெறுமையாகத் தெரியும் ஓர் இளவயதுப் படத்தைப் பார்த்ததும் பேனா நின்றாக வேண்டும். சளியில் கிருமி இல்லாமலே காசநோய் மருந்தை இரண்டாம் முறை எழுதப் போகும் பேனாவாக இருந்தால் இன்னும் கட்டாயம். பரிசோதனை வசதி மிகுந்த அமெரிக்காவிலேயே முதல் மூச்சிரைப்புக்கும் சரியான பெயர் கிடைப்பதற்கும் இடையில் ஏழு ஆண்டுகள் வரை ஆகிறது.

குழந்தைகளிடம் வேறு முகமூடி. பச்சிளம் குழந்தைக்கு மஞ்சள் இருந்தால் 'இளவெயிலில் காட்டு' என்பார் பாட்டி. முதல் வாரத்து மஞ்சளுக்கு அது பெரும்பாலும் பாதகமில்லை. இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் போகாமல், மலம் சுண்ணாம்பு போல வெளுத்தால் கதை வேறு. பித்தநாளம் உருவாகாமல் அடைபட்ட நிலையாக இருக்கலாம். அதற்கு 60 நாளுக்குள் அறுவைச் சிகிச்சை செய்தால்தான் பலன் அதிகம். ஆல்பா-1 குறைபாடும் அச்சு அசலாக அதே தோற்றத்தில் வரும், அதற்கு அந்த அறுவை தேவையே இல்லை. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் கத்தியை எடுக்கக் கூடாது.

பரம்பரை என்ற சொல்லை எடுத்தேன் கவிழ்த்தேன் என்று பயன்படுத்தக் கூடாது என்பதற்கும் கல்லீரலே சாட்சி. ஒரு தலைமுறைக்கு முன்பு வரை 'இந்தியக் குழந்தைப்பருவச் சிரோசிஸ்' என்று ஒரு நோய் குழந்தைகளைக் கொண்டுபோனது. ஒரே வீட்டில் அண்ணன், தம்பி என்று அடுத்தடுத்துத் தாக்கியதால் ரத்தத்தில் வருவது என்றே பலர் நம்பினார்கள். 1983இல் புனே மருத்துவர்களும் பிரிட்டனின் ஸ்டூவர்ட் டேனரும் சுட்டிக்காட்டியது வேறு: ஈயம் பூசாத பித்தளை, செப்புப் பாத்திரத்தில் காய்ச்சிய பால். அதில் இறங்கிய செம்பு பிஞ்சுக் கல்லீரலில் சேர்ந்தது. எவர்சில்வர் வந்தது, நோய் ஏறக்குறைய மறைந்தது. ஒரே குடும்பம் என்றால் ஒரே மரபணு மட்டுமில்லை, ஒரே அடுக்களையும்தான்.

மரபணுவும் தூசியும் சந்திக்கும் இடத்துக்கு வந்தால், ஒரு பெயர் நிச்சயம் எழும்: ஜே.பி.எஸ். ஹால்டேன். 1957இல் பிரிட்டனை விட்டு இந்தியாவுக்கு வந்து, இங்கேயே குடியுரிமை பெற்று, 1964 டிசம்பரில் புவனேஸ்வரில் இறந்த மேதை. தென்னிந்திய உறவுமணங்களை ஆராயத் தம் மாணவர்களைத் தூண்டியவரும் அவர்தான். 1938இல் வெளிவந்த 'மரபும் அரசியலும்' என்ற நூலில் அவர் எடுத்துக்காட்டாகச் சொன்னது வேறு எந்தத் தொழிலாளியையும் அன்று, பீங்கான் தொழிலாளியை. எல்லாக் குயவர்களும் மார்ச்சளி நோயில் சாவதில்லை. ஒருவேளை உடலமைப்பால் அதற்கு இலக்காகும் சிலர்தான் சாகிறார்களோ, அவர்களை முன்கூட்டியே அறிந்தால் அந்தத் தொழிலில் சேர்க்காமல் காப்பாற்றலாமே என்று எழுதினார். ஆல்பா-1 கண்டுபிடிக்கப்பட 25 ஆண்டுகள் இருந்தன. பணியிட மரபணுப் பரிசோதனை என்ற எண்ணத்தின் விதை என்று இன்றும் இதைத்தான் காட்டுகிறார்கள்.

ஹால்டேன் சொன்னது பாதி உண்மை என்று பின்னால் தெரிந்தது. நியூயார்க் இரட்டைக் கோபுரம் 2001இல் இடிந்தபோது தூசியைச் சுவாசித்த தீயணைப்பு வீரர்களைப் பின்தொடர்ந்து 2010இல் வெளியான ஆய்வில், ஆல்பா-1 குறைவாக உள்ளவர்களின் நுரையீரல் திறன் மற்றவர்களை விட வேகமாகச் சரிந்திருந்தது. மற்ற பாதி ஆபத்தானது. பீங்கான் வேலையில் குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், களிமண் எல்லாம் அரைபடுகின்றன. ஈரமாக இருக்கும்வரை தொல்லை குறைவு. அச்சிலிருந்து எடுத்துக் காய்ந்த பண்டத்தின் பிசிறைக் கத்தியால் சீவித் தேய்க்கும்போதும், தரையில் காய்ந்த பொடியைத் துடைப்பத்தால் கூட்டும்போதும் கிளம்பும் துகள்களில் மிக நுண்ணியவை காற்றறை வரை போய்த் தங்கும். அந்தத் துகளில் உள்ள சிலிக்கா யார் மரபணுவையும் கேட்டு உள்ளே போவதில்லை. எம்-எம் உள்ளவருக்கும் போதுமான தூசி போனால் சிலிக்கோசிஸ் வந்தே தீரும். 'உனக்குப் பிறவிக் கோளாறு, தொழிற்சாலை என்ன செய்யும்' என்று கைகழுவ ஒரு பரிசோதனைச் சீட்டு உதவுமானால், அந்தப் பரிசோதனை நடக்காமல் இருப்பதே நல்லது.

இது வீண் பயமில்லை. அமெரிக்காவில் பர்லிங்டன் நார்தர்ன் சாண்டா ஃபே ரயில்வே, மணிக்கட்டு வலிக்கு இழப்பீடு கேட்ட தொழிலாளர்களின் ரத்தத்தில் அவர்களுக்குத் தெரியாமல் மரபணுப் பரிசோதனை செய்தது அம்பலமாகி, 2002இல் 22 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. இந்தியாவில் பணியிட மரபணுப் பரிசோதனைக்கென்று தனிச் சட்டம் கிடையாது. காப்பீடு தொடர்பாக 2018இல் டெல்லி உயர் நீதிமன்றம், மரபுநோய் என்று சொல்லிப் பொத்தாம்பொதுவாக மறுப்பது அரசியலமைப்புக்கு விரோதம் என்றது. உச்ச நீதிமன்றம் அதன் பரந்த பகுதிக்குத் தடை விதித்தது. சிலிக்கோசிஸைப் பொறுத்தவரை சட்டம் தெளிவு: அது அறிவிக்கப்பட வேண்டிய நோய், இழப்பீட்டுக்கு உரிய நோய். மரபணு என்ன எழுதியிருந்தாலும் இந்த இரண்டும் மாறாது. பரிசோதனை முடிவு தொழிலாளியின் கையில் இருக்க வேண்டும், முதலாளியின் மேசையில் அன்று.

அப்படியென்றால் எதைப் பரிசோதிப்பது? முதல் படி எளிது: ரத்தத்தில் ஆல்பா-1 அளவு. ஆனால் காய்ச்சலிலும் கிருமித்தொற்றிலும் இந்தப் புரதம் தானாக ஏறும். குறைபாடு உள்ளவர்கூட அந்த வாரம் பார்த்தால் சரியாக இருப்பது போலத் தோன்றுவார். அதனால் உடலில் அழற்சி இருக்கிறதா என்று சொல்லும் சி.ஆர்.பி. பரிசோதனையையும் அதே ரத்தத்தில் சேர்த்துப் பார்க்க வேண்டும். அளவு குறைந்திருந்தால் அடுத்து மரபணு. அமெரிக்காவில் 2017இல் அனுமதி பெற்ற ஒரு கிட், கன்னத்தின் உட்புறம் தேய்த்தெடுத்த எச்சிலிலோ காகிதத்தில் காய்ந்த ரத்தப்பொட்டிலோ 14 வடிவங்களைத் தேடுகிறது. வசதியானதுதான். ஆனால் அந்தப் பதினான்கும் வேறு நாடுகளில் ஏற்கெனவே அறியப்பட்டவை. எஸ், இசட் மட்டும் தேடும் மலிவான சோதனை இந்தியக் குடும்பத்துக்கு 'இல்லை' என்று சொன்னால் அதற்குப் பொருள் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. அளவு குறைந்திருந்து பட்டியல் வடிவங்கள் கிடைக்காவிட்டால், மரபணுவை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வாசிப்பதுதான் வழி. செர்பினா-1 சிறிய மரபணு. இன்றைய கருவிகளுக்கு அது பெரிய வேலையில்லை. 10,000 இந்தியர்களின் முழு மரபணுத் தொகுதியை வாசித்த ஜீனோம் இந்தியா திட்டம் 2025 ஜனவரியில் தரவுகளை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது. இந்த ஒரு மரபணுவை மட்டும் அதில் தேடி எழுதுவது, ஒரு முதுநிலை மாணவருக்கு நல்ல ஆய்வேடு.

சிகிச்சையில் அபூர்வ வடிவக்காரர்களுக்கு இன்னொரு வஞ்சனை காத்திருக்கிறது. கொடையாளர்களின் ரத்தநீரிலிருந்து பிரித்த ஆல்பா-1ஐ வாரம் ஒருமுறை நரம்பில் ஏற்றும் முறைக்கு அமெரிக்கா 1987இல் அனுமதி கொடுத்தது. 2015இல் வெளியான பெரிய ஆய்வு, நுரையீரல் கரைவதை அது மந்தப்படுத்துவதைக் காட்டியது. எந்த வடிவமானாலும் இது பொருந்தும், ஆனால் அங்கே ஆண்டுக்கு லட்சம் டாலர் அளவுக்குச் செலவு. கல்லீரல் மாற்று இன்னும் முழுமையான தீர்வு: புதுக் கல்லீரல் புதுப் புரதத்தைச் செய்வதால் குறைபாடே போய்விடும். 1998இல் இந்தியாவில் முதன்முதலாக வெற்றிகரமாகக் கல்லீரல் மாற்றப்பட்ட குழந்தை காஞ்சிபுரத்தைச் சேர்ந்தது. கொடுத்தவர் அப்பா, நோய் பித்தநாள அடைப்பு. அன்று டெல்லிக்குப் போக வேண்டியிருந்த அந்த அறுவை இன்று சென்னையில் வாடிக்கை.

புதிய மருந்துகள்தான் பாரபட்சம் காட்டுகின்றன. கல்லீரலில் இசட் புரத உற்பத்தியை அடக்கும் ஃபசிர்சிரான் 2022இல் நல்ல முடிவு காட்டியது, இசட்-இசட் உள்ளவர்களிடம். மரபணுவில் பிழையான அந்த ஓர் எழுத்தை மட்டும் அழித்து எழுதும் சிகிச்சை மனித உடலில் பலித்ததாக 2025 மார்ச்சில் பீம் தெரப்யூட்டிக்ஸ் நிறுவனம் அறிவித்தது. அதுவும் 342ஆவது இடத்து இசட் எழுத்துக்கு. எம்-மால்டனுக்கும் சியியாமாவுக்கும் பெயரில்லாத வடிவங்களுக்கும் அந்தத் திருத்தம் செல்லாது. கண்டறியப்படாத வடிவத்துக்கு யாரும் மருந்து செய்வதில்லை. எண்ணிக்கை தெரிந்தால்தான் செய்யலாமா என்றே யோசிப்பார்கள்.

மருந்து இல்லாதபோதும் பெயர் தெரிவதில் லாபம் உண்டு. இசட்-இசட் உள்ளவர்களில்கூடப் புகைக்காதவர்கள் பலர் ஏறக்குறைய இயல்பான ஆயுளைக் காண்கிறார்கள் என்பது ஸ்வீடன் கற்றுத்தந்த பாடம். தெரிந்தவர் பீடியைத் தொடமாட்டார், மதுவைக் குறைப்பார், மஞ்சள் காமாலைக்கான ஹெபடைட்டிஸ் தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்வார். காய்ந்த பண்டத்தைச் சீவும் இடத்திலிருந்து ஈர வேலை நடக்கும் இடத்துக்கு மாற்றிக் கேட்பார். ஒரு பிரதி மட்டும் பிழையானவர்களுக்கும் இதில் பங்கு உண்டு; புகையும் மதுவும் உடல்பருமனும் சேர்ந்தால் அவர்களுக்கும் நுரையீரலும் கல்லீரலும் மற்றவர்களை விட எளிதில் தளரும். ஒருவருக்கு இரு பிரதியும் பிழை என்று தெரிந்தால், உடன்பிறந்தவர் ஒவ்வொருவருக்கும் அதே நிலை இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு.

சி.ஓ.பி.டி. உள்ள ஒவ்வொருவரையும் வாழ்நாளில் ஒருமுறையாவது இதற்காகப் பரிசோதிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1997இலேயே சொல்லிவிட்டது. ஐம்பது வயதுக்குள் மூச்சிரைப்பு நிரந்தரமாகிவிட்டவர், காசநோய் மருந்து முழுதாகச் சாப்பிட்டும் தேறாதவர், குடிக்காமலே கல்லீரல் சுருங்கியவர், இரண்டு வாரம் கடந்தும் மஞ்சள் தெளியாத குழந்தையின் பெற்றோர் ஆகியோர் அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது கேட்டு எழுதி வாங்க வேண்டியது ஒரு வரிதான்: ஆல்பா-1 ஆன்டிட்ரிப்சின் அளவு, கூடவே சி.ஆர்.பி. இரண்டுக்கும் ஒரே ஊசிக் குத்து போதும்.